விடுதி கட்டாமல் இருப்பது எப்படி?

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கு,

கல்லூரி நடத்துகிற யாருக்கும் ஆண்டுதோறும் அட்மிஷன் முடிகிற சமயத்தில் ஒரு சோதனை வரும். பீஸ் கட்டியாகிவிட்டது, பையன் கழுத்தில் ஐடி கார்டும் தொங்குகிறது. அதற்குப் பிறகும் அப்பா அலுவலக ஜன்னலை விட்டு நகர மாட்டார். உள்ளே குனிந்து, "சார், ஹாஸ்டல்ல எடம் இருக்குங்களா?" என்பார். இடமில்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறதே என்று சொன்னால், "அதான் சார், ஒங்களக் கேக்கறேன்" என்பார். இப்படி நாற்பது, ஐம்பது அப்பாக்கள் சேர்ந்துவிட்டால் முதல்வரே உங்கள் அறைக்கு வந்து, "பின்னாடி இடம் சும்மாதானே கெடக்கு, இன்னொரு பிளாக் போட்டுடலாமா?" என்று ஆரம்பிப்பார்.

இந்த இடத்தில் பதறி "பார்க்கலாம்" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட தாளாளர்கள் பலர். தமிழ்நாட்டில் வாக்குக் கொடுத்தவனைவிட "பார்க்கலாம்" என்று சொன்னவனைத்தான் நாலு ஆண்டுக்கு விடாமல் துரத்துவார்கள். கீழே உள்ள யோசனைகளைப் பின்பற்றினால் அந்தத் தொல்லை இல்லை.

குழு போடுங்கள், ஆனால் ஆளைப் பார்த்துப் போடுங்கள்

விடுதி தேவையா என்று ஆராய ஒரு குழு அமைத்துவிட்டதாக மறுநாளே அறிவிப்புப் பலகையில் போட்டுவிட வேண்டும். உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. கல்லூரிக்குப் பத்து நிமிஷத் தூரத்தில் சொந்த வீடு, வாசலில் கார், இரண்டும் உள்ளவர்களாகப் பாருங்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கட்டாயம் வேண்டும். "எங்க காலத்துல ஆத்தைக் கடந்து, அஞ்சு மைல் நடந்து போய்ப் படிச்சோம்" என்று அவர் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்வார். அதைச் சொல்லி முடிக்க அரைமணி ஆகும். மீதி நேரம் காபிக்குப் போய்விடும்.

மாணவர் ஒருவரைச் சேர்க்கச் சொல்லி யாராவது எழுதிக் கொடுத்தால் தாராளமாகச் சேருங்கள். கூட்டத்தை மட்டும் மாலை ஐந்தரைக்கு வையுங்கள். அவருக்கு ஐந்து இருபதுக்குப் பஸ்.

குழுவுக்கு ஒரு ஆடிட்டரும் தேவை. சிமென்ட், கம்பி, டைல்ஸ், தனி டிரான்ஸ்ஃபார்மர், சம்ப், கழிவுநீர்த் தொட்டி, வார்டன் சம்பளம், வாட்ச்மேன் சம்பளம், கோடை விடுமுறையில் இரண்டு மாதம் காலியாகக் கிடக்கும் அறைகள் எல்லாவற்றையும் அவர் கணக்குப் போடட்டும். வேண்டாம் என்று சொல்ல இவ்வளவே போதும். ஒரே ஒரு கணக்கை மட்டும் அவர் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கல்லூரிக்கு வர ஒன்றரை மணி நேரம், திரும்பிப் போக ஒன்றரை மணி நேரம் ஆகிற ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 180 நாளாவது வகுப்பு நடக்க வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. பெருக்கிப் பார்த்தால் 540 மணி நேரம். ராப்பகலாகச் சேர்த்து வைத்தால் ஆண்டில் 22 நாளுக்கு மேல் அந்தப் பெண் பஸ்ஸிலேயே குடியிருக்கிறாள், அதிலும் பாதி நேரம் நின்றுகொண்டு. இந்த எண் வெளியே போனால் விடுதிச் செலவு பெரிதாகத் தெரியாமல் போய்விடும்.

"பஸ்தான் இலவசமாயிற்றே" என்று ஒரு உறுப்பினர் சொல்வார். அவரை ஊக்குவியுங்கள். 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்பது உண்மைதான். டிக்கெட் வாங்க வேண்டியதில்லை என்பதும் பஸ் வருகிறது என்பதும் வேறு வேறு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சொல்லப் போவதில்லை. லேப் முடிய ஐந்து மணி, நூலகம் எட்டு மணி வரை, கிராமத்துக்குக் கடைசி வண்டி ஆறே முக்கால். நூலகம் எட்டு வரை திறந்திருப்பதாகக் கையேட்டில் அச்சடித்திருக்கிறீர்கள் அல்லவா, அது போதும்.

உண்மையான ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் சேரும் பிள்ளைகளுக்குப் படிப்புக் கட்டணத்தோடு விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2021-இல் முதல்வர் ஸ்டாலின் அறிவித்துவிட்டார். அதாவது, "ஏழைப் பிள்ளைகளால் விடுதிக்குப் பணம் கட்ட முடியாது, அதனால்தான் கட்டவில்லை" என்ற நம் பழைய பதில் செல்லாக்காசாகிவிட்டது. பணம் கட்ட அரசு இருக்கிறது, கட்டில் போட நீங்கள்தான் இல்லை. இதை யாரும் இந்த வார்த்தைகளில் சொல்லிவிடாதபடி குழுவின் தீர்மானத்தை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

ஊர் பார்த்துக்கொள்ளும்

இதுதான் எல்லாவற்றிலும் வலுவான வாதம். "வெளியே எத்தனையோ வீடு இருக்கு, பி.ஜி. இருக்கு, நாம எதுக்குக் கட்டணும்?" என்று கேளுங்கள். கேட்கும்போது கையை ஜன்னல் பக்கம் நீட்ட வேண்டும். ஜன்னல் வழியே பார்த்தால் உண்மையிலேயே தெரியும். கல்லூரி வந்த பிறகு எதிர்த் தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் மேலே ஒரு தளம் ஏறியிருக்கிறது. கீழே ஜெராக்ஸ் கடை, நடுவில் வீட்டுக்காரர், மேலே தகரக் கூரை. தகரத்துக்குக் கீழே நான்கு கட்டில், நான்கு கட்டிலுக்கு ஒரு ஃபேன், எட்டுப் பேருக்கு ஒரு குளியலறை. கரண்ட் பில் யூனிட்டுக்கு வீட்டுக்காரர் சொல்வதுதான் விலை. சித்திரை மாதத்தில் மத்தியானம் அந்த அறையில் பாடம் படித்துப் பாஸான பையனுக்கு வேலை கொடுக்கிற கம்பெனி தனியாக நேர்காணல் வைக்க வேண்டியதே இல்லை.

பெண்கள் தங்கும் விடுதிகளையும் இல்லங்களையும் பதிவு செய்து உரிமம் பெற்றே நடத்த வேண்டும் என்று 2014-இல் தமிழ்நாடு அரசு ஒரு சட்டமே கொண்டுவந்தது. எதிர்த் தெருவில் எத்தனை வீட்டில் அந்த உரிமம் மாட்டியிருக்கிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆசை வந்தால் அடக்கிக்கொள்ளுங்கள். 2024 ஜூனில் கூடிய 53-ஆவது ஜி.எஸ்.டி. கவுன்சில், மாதம் 20,000 ரூபாய் வரையிலான தங்குமிடத்துக்கு, தொடர்ந்து 90 நாள் தங்கினால் வரி கிடையாது என்றும் சொல்லிவிட்டது. டெல்லியே எதிர்த் தெருவை ஆதரிக்கும்போது நாம் ஏன் போட்டிக்குப் போக வேண்டும்?

எதிர்த் தெருவில் அறை கேட்டுப் போகிற பையனிடம் வீட்டுக்காரர் மரியாதையாகத்தான் பேசுவார்.

"தம்பிக்கு எந்த ஊரு?"

"அருப்புக்கோட்டை பக்கம் சார்."

"அருப்புக்கோட்டையா, பக்கமா?"

"பக்கத்துல கிராமம்."

"கிராமத்துல எந்தப் பக்கம்? கோயில் தெருவா?"

இந்த மூன்றாவது கேள்விக்குப் பையன் அரை நொடி தயங்கினாலும் போதும், வீட்டுக்காரருக்கு வேண்டிய விவரம் கிடைத்துவிடும். "மச்சினன் பையன் வர்றான்னு சொல்லிருக்காங்க தம்பி, அடுத்த மாசம் வந்து பாருங்களேன்." கோபமான வார்த்தை ஒன்றுகூட இல்லை. வாசலில் "சைவம் மட்டும்" என்று பலகை தொங்கினால் இந்த மூன்று கேள்வியும் மிச்சம். அடுத்த வீட்டில் இதே உரையாடல், அதற்கடுத்த வீட்டில் இதே உரையாடல். கடைசியில் அந்தப் பையன் இரண்டு பஸ் மாறி ஊரிலிருந்தே வருவான், முதல் வகுப்புக்குத் தாமதமாக. வகுப்பில் யாரும் தாமதத்தின் காரணத்தை வருகைப் பதிவேட்டில் எழுதுவதில்லை.

இந்தக் கதைக்கு வயது நூறுக்கு மேல். சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க ஒரு இடமும் உட்கார்ந்து சாப்பிட ஒரு இலையும் கிடைப்பது குதிரைக்கொம்பாக இருந்த காலத்தில், மருத்துவர் சி. நடேச முதலியார் திருவல்லிக்கேணியில் அவர்களுக்கென்று ஒரு விடுதி நடத்தினார். திராவிடர் இல்லம் என்று பெயர். நீதிக்கட்சியைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். பத்து ஆண்டு கழித்து, வ.வே.சு. ஐயர் நடத்திய சேரன்மாதேவி குருகுலத்தில் பிள்ளைகளுக்குப் பந்தி பிரித்துச் சோறு போட்ட விவகாரம் காங்கிரஸையே உலுக்கியது. பெரியார் அந்தக் கட்சியை விட்டு வெளியே வந்ததில் அதற்கும் பங்கு உண்டு. தமிழ்நாட்டு அரசியலில் பாதி, யார் எங்கே தங்குவது, யார் பக்கத்தில் யார் சாப்பிடுவது என்ற தகராறில்தான் தொடங்கியிருக்கிறது. 2025 ஜூலையில் அரசு மாணவர் விடுதிகளுக்கெல்லாம் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றியதும் சும்மா இல்லை. ஆகவே தாளாளர் அவர்களே, வளாகத்துக்குள் ஒரு விடுதி கட்டினால் நீங்கள் கட்டுவது வெறும் கட்டடம் இல்லை. பெயரை மட்டும் எழுதி, ரூம் நம்பரைக் கொடுத்து, ஊரில் எந்தத் தெரு என்று கேட்காமல் அனுப்புகிற ஒரு மேஜையைப் போட்டுவிடுவீர்கள். பின்விளைவுகளை யோசித்துக்கொள்ளுங்கள். (அந்த மேஜையிலும் "ஒரே ஊர்க்காரங்களா ஒரு ரூம்ல போடு" என்று சொல்கிற வார்டன்கள் உண்டு என்பது வேறு விஷயம். அப்படி ஒருவர் கிடைத்தால் எதிர்த் தெருவையே வளாகத்துக்குள் கொண்டுவந்த புண்ணியம் உங்களுக்கு.)

வெளிநாட்டைப் பாருங்கள்

குழு அறிக்கையில் "உலகத் தரம்" என்ற சொல் வர வேண்டும். அதற்கு இரண்டு உதாரணங்கள் தருகிறேன், இரண்டும் கலிபோர்னியாவில் நடந்தவை.

சார்லி மங்கர் என்று ஒரு கோடீஸ்வரர் இருந்தார், வாரன் பஃபெட்டின் கூட்டாளி. கட்டடக்கலை படித்தவர் அல்லர். ஆனால் கட்டடம் வரைவதில் தீராத ஆசை. சாண்டா பார்பரா பல்கலைக்கழகத்துக்கு 20 கோடி டாலர் தருகிறேன், நான் வரைந்தபடியே விடுதி கட்ட வேண்டும் என்றார். 11 மாடி, 4,500 மாணவர்கள். படுக்கையறைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஜன்னல் கிடையாது. வெளிச்சத்துக்குச் செயற்கை ஜன்னல், பகல் மாதிரியே மின்விளக்கு எரியும். பிள்ளைகள் அறைக்குள் அடைந்து கிடக்காமல் பொது இடத்துக்கு வந்து பழகுவார்கள் என்பது அவருடைய தத்துவம். 2021-இல் டென்னிஸ் மெக்ஃபேடன் என்ற கட்டடக் கலைஞர் இதை ஏற்க முடியாது என்று ஆலோசனைக் குழுவிலிருந்தே விலகினார். விஷயம் உலகப் பத்திரிகைகளில் நாறியது. 2023-இல் பல்கலைக்கழகம் திட்டத்தைக் கைவிட்டது. நம் ஊரில் இதற்கு ஒரு கோடீஸ்வரர் தேவையில்லை, எந்த மேஸ்திரியும் செலவில்லாமல் செய்து தருவார்.

இரண்டாவது, பெர்க்லி. அங்கே 1,100 மாணவர்களுக்கு மக்கள் பூங்கா என்ற இடத்தில் விடுதி கட்டப் பல்கலைக்கழகம் முனைந்தது. அந்த நிலத்துக்கு 1969-இலிருந்தே போராட்ட வரலாறு உண்டு. அந்தப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஒருவர் இறந்தார். எதிர்த்தவர்களின் காரணங்களில் பல நியாயமானவை. ஆனால் கோர்ட்டில் ஜெயித்த காரணங்களில் ஒன்று எது தெரியுமா? மாணவர்கள் போடப்போகிற சத்தம். மாணவர் கூச்சலையும் சுற்றுச்சூழல் பாதிப்பாக ஆராய்ந்திருக்க வேண்டும் என்று 2023-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. பிறகு மாநிலச் சட்டமன்றமே கூடி, குடியிருப்பவர் போடும் சத்தம் சுற்றுச்சூழல் கேடு ஆகாது என்று தனிச்சட்டம் போட்டது. 2024 ஜனவரியில் பூங்காவைச் சுற்றிச் சரக்குப் பெட்டகங்களை மதில் மாதிரி அடுக்கினார்கள். ஜூனில் மாநில உச்ச நீதிமன்றம் கட்டலாம் என்றது. பேச்சுச் சத்தத்தை வைத்து ஒரு விடுதியை ஆண்டுக்கணக்கில் நிறுத்த முடியும் என்பது நமக்குப் புதிய செய்தி. நம் குடியிருப்போர் சங்கங்கள் இன்னும் தண்ணீர் லாரி, பைக் பார்க்கிங் என்று பழைய காரணங்களிலேயே இருக்கின்றன.

தப்பித் தவறிக் கட்டிவிட்டால்

இத்தனைக்குப் பிறகும் சில நேரம் கட்டும்படி ஆகிவிடும். தரச் சான்றிதழ்க் குழு வருகிறது என்றோ, பக்கத்துக் கல்லூரிக்காரர் கட்டிவிட்டார் என்றோ. கவலை வேண்டாம். கட்டிய பிறகும் அதில் யாரும் தங்க விரும்பாதபடி செய்ய வழிகள் இருக்கின்றன.

கேட்டிலிருந்து தொடங்குங்கள். ஆண்கள் விடுதிக்கு ஒன்பது மணி, பெண்கள் விடுதிக்கு ஆறரை. ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால், "பேரன்ட்ஸ் கேக்கறாங்க" என்று சொல்லுங்கள். பையன்களைப் பெற்றவர்களும் பேரன்ட்ஸ்தான் என்பது இதுவரை எந்தக் கூட்டத்திலும் எழுந்ததில்லை. எட்டு மணி வரை திறந்திருக்கிற அந்த நூலகத்தில் ஆறேகாலுக்கு மேல் ஒரு பெண்ணும் இருக்க மாட்டாள். அவுட்பாஸ் நோட்டில் அப்பா கையெழுத்து, துறைத்தலைவர் கையெழுத்து, வார்டன் கையெழுத்து. மூன்றும் வாங்கி முடிப்பதற்குள் போக வேண்டிய கல்யாணம் முடிந்துவிடும். டெல்லியில் 2015-இல் இந்த மாதிரி கேட் நேரக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகவே மாணவிகள் "பிஞ்சரா தோட்" என்று ஓர் இயக்கம் தொடங்கினார்கள், கூண்டை உடை என்று அர்த்தம். அந்தச் செய்தி வந்த பேப்பரை மெஸ்ஸில் போட வேண்டாம்.

ரூம் செக் வையுங்கள். கெட்டில், இஸ்திரிப் பெட்டி, இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாம் பறிமுதல். கெட்டிலில் முட்டை வேகவைத்துச் சாப்பிடுகிற பெண் ஏன் வேகவைக்கிறாள் என்று விசாரிக்கப் போனால் பேச்சு மெஸ்ஸில் வந்து நிற்கும்.

மெஸ்ஸைப் பற்றி ஒரு எச்சரிக்கை. டிவைடிங் சிஸ்டம் என்று ஒன்று நம் பழைய விடுதிகளில் உண்டு. மாதச் செலவு மொத்தத்தையும் சாப்பிட்டவர் தலைக்கு வகுத்து மெஸ் பில் போடுவது. மாணவர்களே முறை வைத்து மெஸ் ரெப் ஆகி, காய்கறி இறக்கும்போது தராசுக்குப் பக்கத்தில் நிற்பார்கள். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் தக்காளி இந்த வாரம் மார்க்கெட்டில் என்ன விலை, நம் பில்லில் என்ன விலை என்று பத்தொன்பது வயதில் ஒருவன் ஒப்பிடக் கற்றுக்கொண்டால், அடுத்த செமஸ்டரில் பீஸ் ரசீதையும் அதே கண்ணால் பார்ப்பான். மெஸ்ஸை மொத்தமாகக் காண்ட்ராக்டரிடம் விட்டுவிடுங்கள். செவ்வாய் இரவு சப்பாத்தி, ஞாயிறு மதியம் சிக்கன், மற்றபடி சாம்பார்.

கட்டணத்தைத் தொடக்கத்திலேயே உயரத்தில் வையுங்கள், பிறகு ஏற்றக் கூடாது. டெல்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஒற்றையாள் அறை வாடகை மாதம் 20 ரூபாயாக இருந்தது. 2019-இல் அதை 600 ஆக்கப் போய், மாணவர்கள் நாடாளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் கிளம்பிவிட்டார்கள். வெளியில் 600 ரூபாய்க்கு மாட்டுக்கொட்டகைகூடக் கிடைக்காதே என்று தொலைக்காட்சியில் சிலர் ஆச்சரியப்பட்டார்கள். வெளியில் கிடைக்காது என்பதால்தான் அந்தப் பிள்ளைகள் உள்ளே இருந்தார்கள் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. நீங்கள் காஷன் டெபாசிட், எஸ்டாப்ளிஷ்மென்ட் சார்ஜ், ஏ.சி. அறைக்கு ஒரு விலை, அட்டாச்டு பாத்ரூமுக்கு ஒரு விலை என்று முதல் நாளே பிரித்துவிட்டால், ஜன்னலில் குனிந்து நின்ற அந்த அப்பாக்களில் முக்கால்வாசிப் பேர் தாமாகவே எதிர்த் தெருவுக்குப் போய்விடுவார்கள். அறைகள் நிரம்பாது. "பார்த்தீர்களா, கட்டினோம், ஆள் வரவில்லை" என்று அடுத்த கூட்டத்தில் சொல்லலாம்.

பெயர் வைப்பதில் கஞ்சத்தனம் கூடாது. சென்னை ஐ.ஐ.டி.யில் விடுதிகளுக்கு காவேரி, கோதாவரி, நர்மதா, பிரம்மபுத்திரா என்று நதிகளின் பெயர். கேட்கவே குளிர்ச்சி. ஆனால் நம் பக்கம் போர்வெல் தண்ணீர் லட்சணத்துக்கு நதிப் பெயர் குசும்பாகப் பட்டுவிடும். உங்கள் அம்மா பெயரே நல்லது. தாயார் பெயரில் உள்ள கட்டடத்தில் குழாய் வரவில்லை என்று புகார் எழுத யாருக்கும் மனசு வராது.

இன்னும் மேலே கட்டச் சொல்லி நெருக்கினால், கடைசியாக ஒரு வழி சொல்கிறேன். இருக்கிற விடுதியின் மொட்டை மாடியில் தூண் கம்பிகளை மூன்றடி நீட்டி விட்டுவிடுங்கள். துரு ஏறாமலிருக்க சிமென்ட் பால் பூசினால் போதும். கீழே ஒரு லோடு எம்-சாண்ட் கொட்டி வையுங்கள், பிளெக்ஸ் பேனரில் புதிய தளத்தின் படத்தைப் போடுங்கள், படத்தில் நீலக் கண்ணாடியும் இரண்டு வெள்ளைக்காரப் பெண்களும் இருக்கட்டும். இனி ஒவ்வொரு ஆண்டு கையேட்டிலும் "விடுதி விரிவாக்கப் பணிகள் நடைபெற்று வருகின்றன" என்று தைரியமாக அச்சடிக்கலாம். எம்-சாண்ட் மழையில் கரைந்தால் அடுத்த ஜூனுக்கு இன்னொரு லோடு சொல்லிவிடுங்கள். அட்மிஷனுக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர்ந்தால் நல்லது.